படங்குக் கயிறு

சோலைமலைக்கு உட்காரத் தெரியாது என்று ஸ்டோரில் எல்லாரும் கேலி செய்வார்கள். தேயிலை ஆலையை அந்தப் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வது. இலங்கை மலைநாட்டில் கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில், கொழுந்தைக் கசக்கிச் சுருட்டுகிற ரோலர்கள் அவன் பொறுப்பு. கூரைக்கடியில் நீளமாக ஓர் இரும்புத் தண்டு ஓயாமல் சுற்றும். அதிலிருந்து ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். ரோலரின் பக்கவாட்டில் இரண்டு சக்கரங்கள் ஒட்டினாற்போல் இருக்கும். பெல்ட் ஒன்றில் கிடந்தால் ரோலர் ஓடும். மரக்கவையால் அதைப் பக்கத்துச் சக்கரத்துக்குத் தள்ளிவிட்டால் அந்தச் சக்கரம் மட்டும் சும்மா சுற்றும், ரோலர் நின்றுவிடும். தள்ளுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. எப்போது தள்ளுவது என்பதுதான் வித்தை. கொஞ்சம் அசந்தால் கொழுந்து சூடேறிக் கெட்டுப்போகும், கூடவே ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயாவின் வாயும் கெட்டுப்போகும். ஆகவே சோலைமலை ரோலருக்கு ரோலர் நடந்துகொண்டே இருப்பான். வேலை முடிந்து, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்த பிறகும் அவன் கால் நிற்காது.

அறுபத்தோராம் வருஷம் அந்தக் கால்களுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அவன் மனைவி அம்மாக்கண்ணு முழுகாமல் இருந்தாள்.

கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகப்போகிறது. அவள் நேர்ந்துகொண்டவற்றை எல்லாம் அந்தந்தச் சாமிகளே மறந்திருக்கும். இப்போது வீட்டுக்குத் தூரமாவது நின்றது, வயிறும் தெரிய ஆரம்பித்தது. லயத்து மருத்துவச்சி பேச்சியம்மா வந்து, விளக்கெண்ணெய் தொட்டுத் தடவிப் பார்த்து, வயிறு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, பொட்டப்பிள்ளைதான் என்று அடித்துச் சொன்னாள். லயத்தில் பாதித் தலைகள் அவள் கையில் வெளியே வந்தவை. அவள் சொன்னால் சொன்னதுதான். நாலாம் மாசத்துக்கு இது கொஞ்சம் பெரிய வயிறு என்று யாரோ இழுத்ததற்கு, இத்தனை வருஷம் காத்திருந்த பிள்ளை அத்தனை வருஷ வளர்த்தியோடுதான் வரும் என்று பேச்சியம்மா அந்த வாயை அடைத்துவிட்டாள்.

அம்மாக்கண்ணுக்கு அரை ரொட்டிக்கு மேல் இறங்கவில்லை. பிள்ளை இடத்தை அடைத்துக்கொண்டது என்றார்கள். வெளியே உறைபனி விழுகிற குளிரிலும் ரவிக்கை நனைய வியர்த்தது. பிள்ளைச்சூடு என்றார்கள். கை மெலிந்தது, கன்னம் ஒட்டியது. தாயிடம் இருப்பதையெல்லாம் மகள் இழுத்துக்கொள்கிறாள் என்றார்கள். எதைச் சொன்னாலும் லயத்தில் அதற்கொரு பதில் இருந்தது, எல்லாமே சந்தோஷமான பதில்.

கங்காணி அவளுக்கு மலையுச்சியில் அவள் பறித்துவந்த செடிவரிசையான பழைய நிரையை மாற்றி, பாதையோரமாகப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கென்று வைத்திருக்கும் தாழ்ந்த நிரையைக் கொடுத்தார். பத்து வருஷமாக மற்றவர்கள் அங்கே நின்று கொழுந்து பறிப்பதை மேலிருந்து பார்த்தவள் அவள். முதல் நாள் அங்கே இறங்கும்போது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டே வயிற்றோடு பேசுவாள். இன்று பனி அதிகம், அந்தா பஸ் போகிறது பார், உன் அப்பன் காலையிலிருந்து எத்தனை தடவை நடந்தான் தெரியுமா என்று அது பாட்டுக்குப் பேச்சு ஓடும்.

கொழுந்து பறிக்கிற பெண்கள் சேலை நனையாமலும் கிழியாமலும் இருக்க இடுப்பைச் சுற்றி ஒரு முரட்டுச் சாக்குத்துணி கட்டுவார்கள். அதற்குப் படங்கு என்று பேர். அதை ஒரு கயிற்றால் இறுக்கிக்கொள்வார்கள். அம்மாக்கண்ணுக்கு அந்தக் கயிறு போதாமல் போயிற்று. தொட்டில் கட்டுவதற்கென்று சோலைமலை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த புதுக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, பழைய கயிற்றோடு சேர்த்து முடிந்தாள். அழுக்கேறிய பழுப்புக் கயிற்றில் அந்த வெள்ளைத் துண்டு பளிச்சென்று தெரியும். அது எல்லாருக்கும் தெரியவேண்டும் என்றுதான் அவள் அதை முன்னால் வரும்படி கட்டினாள்.

ஒரு நாள் மாலை கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடையை இறக்கும்போது அவளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. வந்தது நிற்கவில்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் பார்த்துவிட்டு, பிள்ளைத் துடிப்பு காதுக்குக் கேட்கவில்லை, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று லொறியில் ஏற்றிவிட்டார்.

டவுன் ஆஸ்பத்திரியில் அப்போது ராசிக் என்று ஒரு டாக்டர் இருந்தார். கண்டிப் பக்கத்துக்காரர், சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். அவருக்கும் உட்காரத் தெரியாது. அம்மாக்கண்ணுவின் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். நீலப் பென்சிலால் அவள் தோலின் மேலேயே ஒரு கோடு வரைந்தார். விலாவிலிருந்து இறங்கி, தொப்புளைத் தாண்டி வளைந்து போயிற்று அந்தக் கோடு. பிறகு ரத்தம் எடுத்தார், மறுநாளும் எடுத்தார். வார்டில் நர்ஸுகள் சிங்களத்தில் பேசிக்கொண்டதில் அம்மாக்கண்ணுக்குப் பிடிபட்டது பாதிதான். பக்கத்துக் கட்டில்காரியிடம், டாக்டர் பிள்ளையை வரைந்து பார்த்தார் என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சோலைமலையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தார். இவனும் நின்ற இடத்தில் கால் மாற்றி மாற்றி நின்றான்.

"சோலைமலை, உள்ள புள்ள இல்ல," என்றார் டாக்டர். "அது மண்ணீரல். வீங்கி அவ்வளவு தூரம் வந்திருக்கு."

சோலைமலைக்கு முதலில் அது காதிலேயே ஏறவில்லை. பேச்சியம்மா தடவிப் பார்த்தாளே என்றான். டாக்டர் கோபப்படவில்லை. கீழ்நாட்டில் மலேரியா கண்டவர்களுக்கு மண்ணீரல் இப்படி வீங்குவதுண்டு, இந்தக் குளிரில் மலேரியா ஏது என்று யோசித்துத்தான் ரத்தத்தைப் பார்த்தேன் என்றார். மேசையில் இருந்த மைக்ராஸ்கோப்பில் அவனைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் உருண்டை உருண்டையாக நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அவை வெள்ளை அணுக்கள், இருக்கவேண்டியதைப்போலப் பல மடங்கு இருக்கின்றன, ரத்தத்தில் புற்று என்று இதைச் சொல்லலாம் என்றார். சோலைமலை மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தான். எதனால் என்று கேட்டான்.

டாக்டர் நடப்பதை நிறுத்தி, நீ தோட்டத்தில் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். சோலைமலை ரோலரைச் சொன்னான், பெல்ட்டைச் சொன்னான், இரண்டு சக்கரங்களைச் சொன்னான். டாக்டர் மேசை விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு, குழந்தையைப்போல ஆர்வமாகக் கேட்டார்.

உடம்புக்குள்ளும் அப்படித்தான் என்றார். ஒவ்வொரு அணுவிலும் வேலை செய்கிற புரதங்கள் இருக்கின்றன. அவற்றை ஓடவைக்க வேறு சில புரதங்கள் இருக்கின்றன, அவற்றுக்குக் கைனேஸ் என்று பேர். கைனேஸ் ஒரு சிட்டிகை பாஸ்பரஸை எடுத்து இன்னொரு புரதத்தில் ஒட்டும். ஒட்டினால் பெல்ட் ஏறினமாதிரி, வேலை தொடங்கிவிடும். அந்தச் சிட்டிகையைக் கழற்றிவிடவும் தனியாக ஆள் உண்டு, கழன்றால் வேலை நின்றுவிடும். தசையில் இருக்கிற சர்க்கரை இப்படித்தான் எடுக்கப்படுகிறது என்று சில வருஷங்களுக்கு முன்னால்தான் அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்த நோய்க்காரர்களின் அணுக்களுக்குள்ளே ஒரு சின்ன இழை குட்டையாகிக் கிடப்பதைப் போன வருஷம் அங்கேயே வேறு இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். இதற்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று யாரும் சொல்லவில்லை.

"ஓடுன்னு சொல்ற கை ஏதோ ஒண்ணு இறுகிப்போய் நிக்குது. அது எந்தக் கைன்னு எனக்கும் தெரியல, எனக்குப் படிச்சுக் குடுத்தவங்களுக்கும் தெரியல," என்றார் டாக்டர். "அதை நினைச்சா எனக்கு இருப்புக் கொள்ளுதில்ல."

உண்மைதான். அந்தக் கை எது என்று தெரிய இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இழை குட்டையான இடத்தில்தான் அந்தக் கைனேஸ் உருவாகிறது, அதற்கு நிறுத்தவே தெரியாது என்று பிறகு கண்டுகொண்டார்கள். அதைப் பிடித்து நிறுத்துகிற மாத்திரை வருவதற்குள் நூற்றாண்டே திரும்பிவிட்டது. அம்மாக்கண்ணுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அவளுக்கு அன்றைக்கு இருந்தது கொழும்பிலிருந்து வரவழைத்த ஒரு சின்ன வெள்ளை மாத்திரைதான்.

பெல்ட்டைத் தள்ளிவிட ஆளே இல்லையா என்று சோலைமலை கேட்டான். இல்லை, இந்த மாத்திரை ரோலரை நிறுத்தாது, ரோலருக்குப் போகிற கொழுந்தைக் குறைக்கும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். ஒழுங்காக விழுங்கினால் மண்ணீரல் சுருங்கும், வியர்வை நிற்கும், சில வருஷம் நன்றாக இருப்பாள். விழுங்காவிட்டால் இந்த வருஷமே தாண்டாது. மாத்திரை சாப்பிடும்வரை பிள்ளை ஆசை கூடவே கூடாது. இதையெல்லாம் அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்று டாக்டர் கதவுப்பக்கம் போனபோது, சோலைமலை குறுக்கே போய் நின்றான்.

"ஐயா, என் வாயால நானே சொல்லிக்கிறேங்க. வேற ஆளு சொன்னா அவ தாங்கமாட்டா."

டாக்டர் கதவிலிருந்து திரும்பினார். முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு விட்டுக்கொடுத்தார். சோலைமலை சொல்லாமல் விட நினைத்து அப்படிக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவன் மனதாரச் சொல்வதாகத்தான் இருந்தான்.

ராகலை பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தான். பஸ் டவுனைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடுவது என்று நினைத்தான். பிறகு அந்தப் பெரிய வளைவு தாண்டட்டும் என்று நினைத்தான். அம்மாக்கண்ணு அவன் கையை எடுத்துச் சேலைக்கு மேலேயே வயிற்றில் வைத்து, டாக்டர் கோடு போட்டது இந்த இடத்தில்தான், தலை இங்கே வரும்போலிருக்கிறது என்றாள். அவன் உள்ளங்கைக்குக் கீழே அது கெட்டியாக, விளிம்போடு இருந்தது. இப்போது அவனுக்குத் தெரிந்தது, அது எந்தப் பிள்ளையின் தலையும் இல்லை.

"டாக்டரு என்ன சொன்னாரு? பொட்டப்புள்ளதானே?" என்று கேட்டாள்.

சோலைமலை ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஆமாம் என்று தலையை ஆட்டினான். மாத்திரை எதற்கு என்றாள். புள்ளைக்குப் பலத்துக்கு என்றான். ரோலரைச் சரியான நேரத்தில் நிறுத்தத் தெரிந்த மனுஷனுக்குத் தன் வாயைச் சரியான நேரத்தில் திறக்கத் தெரியவில்லை. பக்கத்தில் விஷயம் தெரிந்தவர் யாராவது இருந்திருந்தால் அவன் முதுகில் இரண்டு வைத்திருப்பார்கள். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு என்ன தெரியும், கந்தப்பளை வந்ததும் எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவனே தேத்தண்ணியோடு மாத்திரையை அவள் கையில் வைத்தான். அவள் பயபக்தியோடு விழுங்கினாள். கொஞ்ச நாளில் வியர்வை நின்றது. ஒரு முழு ரொட்டி சாப்பிட்டாள், இன்னொன்று கேட்டாள். கன்னத்தில் சதை வைத்தது. டாக்டர் சொன்ன தவணைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் நன்றாகக் குறைந்திருந்தன. அவளிடம் சொல்லிவிட்டாயா என்று டாக்டர் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றான். டாக்டர் அம்மாக்கண்ணுவிடம் போய், மனதைத் தளரவிடாதீர்கள், மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று அன்பாகச் சொன்னார். பிரசவத்துக்குத் தைரியம் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டு கும்பிட்டாள். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக் கொடுத்தபடி நின்றது, சோலைமலை இரண்டுக்கும் நடுவில் நின்றான்.

காலையில் அவள் படங்கு கட்டும்போது அவன் கண் அந்த வெள்ளைத் துண்டின் மேல்தான் இருக்கும். முன்னால் நின்ற துண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டுக்கு நகர்ந்தது. கயிற்றின் நுனி மிஞ்சித் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோகும், மருந்து வேலை செய்கிறது, அவள் பிழைத்துக்கொள்வாள் என்று. கூடவே, இன்னும் சொல்லவில்லையே என்று உறுத்தும். திருவிழா முடியட்டும், சொல்லிவிடலாம். மழை விடட்டும், சொல்லிவிடலாம். ஸ்டோரில் அவனுக்கு மனசு நிற்கவில்லை. ஒரு நாள் பெல்ட்டைத் தள்ள மறந்து, ஒரு ரோலர் நிறையக் கொழுந்தைக் கருகவிட்டான். டீமேக்கர் ஐயா அவன் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினார். அவனுக்கு அது உறைக்கவே இல்லை.

அம்மாக்கண்ணுவும் அதே கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவன் கவனிக்கவில்லை. அவள் பேச்சு குறைந்தது. நிரையில் நின்று வயிற்றோடு பேசுவதை நிறுத்தினாள். பேச்சியம்மா வந்து தடவிப் பார்த்துவிட்டு, சில பிள்ளைகள் முதுகுப்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும் என்று கொஞ்சம் சந்தேகமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அம்மாக்கண்ணுவின் முகம் வாடினதைச் சோலைமலை களைப்பு என்று எடுத்துக்கொண்டான்.

பிறகு ஒரு மாதிரி திரும்பவும் கலகலப்பானாள். அடுத்த தவணைக்கு ஆஸ்பத்திரி வேண்டாம், பஸ்ஸில் குலுங்கினால் பிள்ளைக்கு ஆகாது என்று ஒரே பிடியாக நின்றாள். சோலைமலைக்கும் உள்ளூர நிம்மதிதான், டாக்டர் ஏதாவது உளறிவிட்டால் என்ன செய்வது. அவன் மட்டும் போய், மழையில் மண் சரிந்து பாதை அடைத்துக் கிடக்கிறது, அவளைக் கூட்டிவர முடியவில்லை என்று சொல்லி மாத்திரை வாங்கி வந்தான். டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தார். அடுத்த தடவையும் இவன் இன்னொரு கதை சொன்னான்.

கயிற்றை மறுபடி இளக்கிக் கட்டவேண்டி வந்தது. பக்கவாட்டுக்குப் போன வெள்ளைத் துண்டு முன்னுக்கு வந்தது. வியர்வையும் வந்தது. சோலைமலைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒன்பதாம் மாசம் என்று பேச்சியம்மா கணக்குச் சொல்ல, லயத்துப் பெண்கள் வளைகாப்புக்கு நாள் பார்த்துவிட்டார்கள். அவன் ஸ்டோரில் பொய் சொல்லிவிட்டு டவுனுக்கு ஓடினான். வயிறு திரும்பப் பெருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னான். ஒழுங்காக விழுங்குகிறாளா என்று அவர் கேட்டார். என் கையால் கொடுக்கிறேன், என் கண் முன்னால் விழுங்குகிறாள் என்று சத்தியம் செய்தான். டாக்டர் அவன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்கு நடந்தார். அப்படியென்றால் மருந்துக்கு அடங்குகிற நிலையை நோய் தாண்டிவிட்டது என்றார். ரத்தத்தைப் பார்க்காமல் இனி ஒரு மாத்திரைகூடத் தரமாட்டேன், அவளை உடனே கூட்டி வா என்றார். சோலைமலை பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் பாதி வழி நடந்தே வந்தான்.

அவன் வந்து சேர்ந்த மறுநாள் காலை வளைகாப்பு. அவர்கள் குடியிருந்த லயத்து அறையான காம்பராவின் வாசலில் பாய் விரித்திருந்தார்கள். எலுமிச்சம்பழச் சோறும் புளிச்சோறும் வாசம் அடித்தன. பேச்சியம்மா ஒரு தட்டில் கண்ணாடி வளையல்களை அடுக்கி, மேலே வேப்பங்குச்சியை வளைத்துக் கட்டின காப்பு ஒன்றை வைத்திருந்தாள். உள்ளே அம்மாக்கண்ணு புதுச்சேலை கட்டி முடித்துவிட்டு, வாசலில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்த சோலைமலையைக் கூப்பிட்டாள். அவள் கண்ணில் ஒரு குறும்பு இருந்தது. அந்தக் குறும்பை அவன் பார்த்து வெகுநாளாயிற்று.

"ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே," என்றாள். "அந்த மாத்திரய நான் முழுங்குறதில்ல. நாக்குக்கு அடியில வச்சிருந்து பீலிக்கிட்ட போயி துப்பிருவேன்."

தண்ணீர் விழுகிற பீலியின் சத்தம் அந்த நேரத்தில் சோலைமலைக்குக் காதுக்குள்ளேயே விழுகிறதுபோல் இருந்தது.

"அது புள்ளயக் கரைச்சுச்சுங்க. கயித்த வச்சே நான் கண்டுக்கிட்டேன். டாக்டரு நல்லவருதான், ஆனா அந்த மருந்து நம்ம புள்ளைக்கு ஒத்துக்கல. ஒங்ககிட்ட சொன்னா பயந்துருவீங்க. நிறுத்துனேன், இப்பப் பாருங்க, திரும்ப வளந்துட்டா."

நோய் மருந்தைத் தாண்டவில்லை. இவன் சொன்ன பொய்தான் அவளை மருந்தைத் துப்பவைத்தது. அது புரிந்த நிமிஷத்தில் சோலைமலைக்கு ஆறுதலும் வெட்கமும் ஒன்றாக வந்தன. வெளியே பெண்கள் அவளைக் கூப்பிட்டார்கள். இப்போது வாயை மூடிக்கொண்டால் அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் பிள்ளை இருக்கும். திறந்தால் அவள் இருப்பாள். பத்து வருஷத்தில் அவள் இவ்வளவு அழகாக அவனுக்குத் தெரிந்ததே இல்லை.

"கண்ணு, அது புள்ள இல்ல," என்றான்.

அவள் சிரித்தாள். நல்ல நாள் அதுவுமாக என்ன பேச்சு என்று அவன் வாயைப் பொத்த வந்தாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"புள்ளயே இல்ல. ஒன் ரத்தத்துல நோயி. மண்ணீரலு வீங்கியிருக்கு. டாக்டரு சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"அன்னைக்கே. ஒன்னைய வீட்டுக்குக் கூட்டியாந்த அன்னைக்கே."

"அன்னைக்கேவா," என்றாள் அம்மாக்கண்ணு.

அவள் கத்தவில்லை, அவனை அடிக்கவில்லை. கையை மட்டும் மெதுவாக விடுவித்துக்கொண்டாள். பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். வயிற்றைக் குனிந்து பார்த்தாள், யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறதுபோல.

"அப்ப நான் இவ்வளவு நாளும் யாருகூடப் பேசிக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டாள்.

சோலைமலை அவள் காலடியில் குந்தி உட்கார்ந்துவிட்டான். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னான். உடம்புக்குள் வேலையைத் தொடங்கிவைக்கிற கைகள் உண்டு என்றான். அதில் ஒன்று இறுகிப்போய், நிறுத்தத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றான். உன் ரத்தம்தான், உனக்குள் உண்டானதுதான், ஆனால் பிள்ளை இல்லை என்றான். மாத்திரையை விழுங்கினால் சில வருஷம் இருப்பாய், விழுங்காவிட்டால் இந்த வருஷமே தாண்டாது என்றான். சொல்லச் சொல்ல அழுதான். அவள் அழவில்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகு எழுந்து, தலையில் சூடியிருந்த பூவை எடுத்துச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனாள்.

பாயில் உட்காராமல் வாசலிலேயே நின்றாள். பேச்சியம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"புள்ள இல்லையாம்," என்றாள் அம்மாக்கண்ணு. "சோறு ஆக்கியாச்சு. எல்லாரும் இருந்து சாப்ட்டுட்டுப் போங்க."

பேச்சியம்மா தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, இந்தக் கை பொய் சொன்னதே இல்லையே என்று முணுமுணுத்தாள். அம்மாக்கண்ணுதான் இலை போட்டாள், அம்மாக்கண்ணுதான் பரிமாறினாள். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். வளையல் தட்டை யாரோ முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு முழுக்க அவள் புருஷனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மறுநாள் அவளை டவுனுக்குக் கூட்டிப்போனான். டாக்டர் முன்னால் இவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். டாக்டருக்குக் கோபம் வந்தது, வந்த கோபத்தில் முதலில் தன்னையேதான் திட்டிக்கொண்டார். பிறகு அம்மாக்கண்ணுவைக் கட்டிலில் படுக்கவைத்து, அதே இடத்தில் மறுபடி கோடு வரைந்தார். இந்தத் தடவை அது என்ன கோடு என்று அவளுக்கே சொன்னார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடித்தான் இருந்தன, ஆனால் மருந்துக்கு இன்னும் அடங்கும் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

தெம்பு வந்து மலைக்குப் போகிற முதல் நாள் காலை, சோலைமலை வழக்கம்போல் தேத்தண்ணியும் மாத்திரையும் கொண்டுவந்தான். அவள் வாங்கி விழுங்கினாள். பிறகு வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கி அவனுக்குக் காட்டினாள். அவன் பார்க்க மாட்டாமல் தலையைத் திருப்பினான். பார்க்கும்வரை அவள் வாயை மூடவில்லை.

படங்கைச் சுற்றிக்கொண்டு, கயிற்றின் இரண்டு நுனிகளையும் அவன் கையில் கொடுத்தாள்.

"இனிமே நீங்கதான் கட்டிவிடணும்," என்றாள். வளைகாப்புக்குப் பிறகு அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவன் கட்டிவிட்டான். காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற பெரட்டில் கங்காணி அவளைப் பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் பாதையோரத்தைக் கைகாட்டினார். அவள் நிற்காமல் தன் பழைய நிரைக்கு மலையேறிப் போனாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அதே கதைதான். மாத்திரை, திறந்த வாய், கயிறு. வாரம் போகப் போக வியர்வை நின்றது, முகம் தெளிந்தது, வயிறு இறங்கியது. போன தடவை அந்த வெள்ளைத் துண்டு நகர்ந்தபோது அவன் மனதுக்குள் சந்தோஷப்பட்டான். இப்போது அதே துண்டை அவனே தன் கையால் இழுத்து நகர்த்தவேண்டியிருந்தது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பாள். அழுகிறாளா என்று பின்னால் நிற்கிற அவனுக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை அந்தத் துண்டுக்கே வேலையில்லாமல் போயிற்று. பழைய கயிறே சுற்றிவரப் போதுமாக இருந்தது. சோலைமலை தொட்டில் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தான். மழையிலும் வியர்வையிலும் இறுகிப்போன முடிச்சு, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. துண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அம்மாக்கண்ணு திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டி அதை வாங்கி, மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அவன் பழைய கயிற்றைச் சுற்றி, வலிக்குமோ என்று பயந்து பயந்து இழுத்தான்.

"இன்னும் இறுக்கிக் கட்டுங்க," என்றாள்.